சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறீங்களா? பேங்க் அக்கவுண்ட், பணம் அனுப்புறது பத்தி முழு வழிகாட்டி

திருச்சி ஏர்போர்ட்ல இருந்து முதல் தடவை ஃப்ளைட் ஏறுனப்போ என்கிட்ட ஒரே ஒரு பேங்க் அக்கவுண்ட்தான் இருந்துச்சு, காலேஜ்ல ஸ்காலர்ஷிப்புக்காக ஓபன் பண்ண சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட். நாலு வருஷம் சம்பளத்தை எல்லாம் அதுக்கே அனுப்பி, அதுலயே எஃப்டியும் போட்டு வச்சேன். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்கலாம்னு போனா, கேஒய்சி அப்டேட் பண்ணும்போது நான் வெளிநாட்டுல இருக்கறது தெரிஞ்சு அக்கவுண்ட்டை நிறுத்தி வச்சிருந்தாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய வாரத்துல நான் பிராஞ்சுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன். யாராவது ஒருத்தர் கிளம்புறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்து சொல்லியிருந்தா அது நடந்திருக்காது, அதனாலதான் இதை இவ்ளோ நீளமா எழுதுறேன். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் எதுல வந்தாலும் இது பொருந்தும்.

நான் பாத்த வரைக்கும் நம்ம ஆளுங்க எல்லாரும் வட்டி எங்க அதிகம்னுதான் முதல்ல கேப்பாங்க. ஆனா நம்ம பணம் கரையுறது வட்டியில இல்ல, மூணு இடத்துல கரையுது: தப்பான வகை அக்கவுண்ட், அனுப்பும்போது ரேட்ல விடுற காசு, அப்புறம் அடுத்தவங்க பேர்ல போட்டு வைக்கிறது. இந்த மூணையும் அடைச்சுட்டா மத்ததெல்லாம் சின்ன விஷயம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ல

ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வேலைக்காக நாட்டை விட்டு கிளம்புற அன்னைல இருந்தே நீங்க என்ஆர்ஐ. வருமான வரிக்கு 182 நாள் கணக்கு வேற, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. என்ஆர்ஐ ஆயிட்டா சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சுக்கக் கூடாது, அதை என்ஆர்ஓவா மாத்தணும். வெளிநாட்டு சம்பளத்தைப் போடுறதுக்குத் தனியா என்ஆர்இ ஓபன் பண்ணணும். ரெண்டையும் ஒரே பேங்க்ல வச்சுக்கிட்டா வேலை சுலபம்.

வித்தியாசம் இதுதான். என்ஆர்இங்கிறது நீங்க வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்புற பணத்துக்கு, வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல, எப்ப வேணாலும் முழுசா திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கலாம். என்ஆர்ஓங்கிறது ஊர்ல வர்ற பணத்துக்கு, அதாவது வீட்டு வாடகை, நிலத்துக் குத்தகை, பழைய எல்ஐசி முதிர்வு மாதிரி. அதுல வர்ற வட்டிக்கு 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது பேங்கே முன்கூட்டி பிடிக்கிற வரி, செஸ் சேத்தா 31.2 சதவீதம் பிடிப்பாங்க. 5 லட்சத்தை 6.5 சதவீதத்துல ஒரு வருஷம் எஃப்டி போட்டா வட்டி 32,500, என்ஆர்ஓல போட்டிருந்தா அதுல 10,140 போயிடும், என்ஆர்இல போட்டிருந்தா ஒரு பைசா போகாது. ஒரே பேங்க், ஒரே பணம், ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல டிக் அடிச்சீங்கங்கிறதுக்கு பத்தாயிரம் ரூபா. ஏற்கனவே என்ஆர்ஓல டிடிஎஸ் பிடிச்சிருந்தாலும், ஊர்ல உங்க மொத்த வருமானம் வரி வரம்புக்குள்ளனா ரிட்டர்ன் ஃபைல் பண்ணி திரும்ப வாங்கலாம், விட்டுறாதீங்க.

ஒண்ணு கவனம், என்ஆர்இ எஃப்டி குறைஞ்சது ஒரு வருஷம் இருக்கணும், அதுக்குள்ள உடைச்சா வட்டியே கிடையாது. அவசரத்துக்கு வேணும்னு தோணுற பணத்தை எஃப்டில போடாதீங்க. ஊர்ல கையில வர்ற ரூபாயையும் என்ஆர்இல கட்ட முடியாது, அதுக்கு என்ஆர்ஓதான்.

இதுக்கு பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட் இல்லைனா அப்ரூவல் லெட்டர், பான் கார்டு, ஃபோட்டோ, சிங்கப்பூர் அட்ரஸுக்கு ஒரு ப்ரூஃப் கேப்பாங்க. அட்ரஸ் ப்ரூஃப் கிளம்புறதுக்கு முன்னாடி கிடைக்காது, அதனால நிறைய பேர் அங்க போய்தான் முடிக்கிறாங்க. இந்தியன் பேங்க், ஐஓபி, எஸ்பிஐ மூணுக்கும் சிங்கப்பூர்லயே கிளை இருக்கறது அதுக்கு உதவும். ஐஓபி பொறந்ததே நம்ம மாதிரி கடல் தாண்டுன ஆளுங்களுக்காகத்தான், 1937 பிப்ரவரியில காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தாங்க.

பான் கார்டு இல்லைனா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. பேங்க்ல குடுத்த இந்திய நம்பரை உயிரோட வைங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் பசங்க கேக்கறதில்ல, ரீசார்ஜ் பண்ணாம விட்டுருவாங்க, கம்பெனி அந்த நம்பரை வேற ஒருத்தருக்குக் குடுத்துரும், அப்புறம் ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குப் போகும். மெசேஜ் வர்ற மாதிரி ரோமிங் ஆன் பண்ணி வேலிடிட்டி முடியாம பாத்துக்குங்க, என்ஆர்இ ஓபன் ஆனதும் சிங்கப்பூர் நம்பரையும் அதுல சேத்துடுங்க.

எந்த பேங்க், பணம் பத்திரமா இருக்குமா

இந்தியாவுல பேங்க் மூழ்குனா ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் டிஐசிஜிசி இன்சூரன்ஸ் இருக்கு. 2020 பிப்ரவரி வரைக்கும் வெறும் 1 லட்சம்தான். இந்த 5 லட்சங்கிறது அசல், வட்டி, சேவிங்ஸ், எஃப்டி, அந்த பேங்க்ல எத்தனை பிராஞ்ச்ல வச்சிருந்தாலும் எல்லாம் சேத்து. அதனால 12 லட்சம் சேந்திருந்தா ஒரே பேங்க்ல மூணு பிராஞ்ச்ல பிரிச்சு வைக்கிறது பிரயோஜனம் இல்ல, மூணு பேங்க்ல பிரிக்கணும்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க், 2020 நவம்பர் 17 அன்னைக்கு 25,000க்கு மேல எடுக்க முடியாதுனு தடை வந்துச்சு. கரூர், திண்டுக்கல் பக்கத்து பசங்க எல்லாம் அன்னைக்கு ராத்திரி டார்மிட்டரில தூங்கல. பத்து நாள்ல டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட சேத்துட்டாங்க, டெபாசிட் போட்ட யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா அந்த பேங்க் ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல. டெபாசிட் வேற, ஷேரும் பாண்டும் வேற, கவுன்ட்டர்ல உக்காந்து யாராவது ரெண்டும் ஒண்ணுதான்னு பேசுனா எழுந்து வந்துடுங்க.

நகரக் கூட்டுறவு பேங்குக்கு இந்த இன்சூரன்ஸ் உண்டு. ஊர்ல இருக்கற தொடக்க வேளாண்மை கூட்டுறவு சங்கத்துக்கு இல்ல, நிதி கம்பெனிக்கு இல்ல, ஃபைனான்ஸுக்கு இல்ல, சீட்டுக்கும் இல்ல. வெளிநாட்டு சம்பளம்னு தெரிஞ்சாலே மாசம் இவ்ளோ தர்றோம்னு வீட்டுக்கு ஆள் வந்துருவாங்க. அதிக வட்டி தர்றோம்னு பணம் வாங்கி ஏமாத்துன ஆருத்ரா கம்பெனி வழக்குல மாட்டுன பணம் 2,400 கோடிக்கு மேலங்கறாங்க, அதுல எத்தனை பேர் வேர்வை இருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது. மாசத்துக்கு 25 சதவீதம் வட்டினு ஒருத்தர் சொன்னா அதுக்கு மேல கேக்க ஒண்ணுமில்ல.

கட்டணத்துக்கு வருவோம். எஸ்பிஐ 2020 மார்ச்லயே எல்லா சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கும் மினிமம் பேலன்ஸை எடுத்துட்டாங்க, 2025ல கனரா, இந்தியன் பேங்க் மாதிரி அரசு பேங்குகளும் எடுத்தாங்க. தனியார் பேங்க்ல என்ஆர்இ அக்கவுண்ட்டுக்கு 10,000 சராசரி கேக்கற இடம் உண்டு. அந்த சராசரிங்கிறது ஒவ்வொரு நாள் ராத்திரி இருப்பையும் கூட்டி 30ஆல வகுக்கறது. மாசம் ஆரம்பத்துல 1 லட்சம் மூணு நாள் கிடந்தாலே 3 லட்சம் ஆச்சு, வகுத்தா 10,000 வந்துரும். இது தெரியாம தினமும் பத்தாயிரம் கிடக்கணும்னு பயந்தவங்க நிறைய பேர்.

வீட்டுல இருக்கறவங்களுக்கு, அம்மாவுக்கு ஒரு அக்கவுண்ட் வேணும்னா, அடிப்படை சேவிங்ஸ் அக்கவுண்ட் கேளுங்க, எல்லா பேங்க்லயும் குடுக்கணும். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு காசு கிடையாது, மாசம் நாலு தடவை எடுக்கறது ஃப்ரீ. போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸும் நல்லது, 500 ரூபா இருந்தா போதும், 4 சதவீத வட்டி, எஸ்பிஐ சேவிங்ஸ்ல 2025 ஜூன்ல இருந்து 2.5தான். ஆனா போஸ்ட் ஆபீஸ் அவங்க பேர்லதான், என்ஆர்ஐ நம்ம பேர்ல ஓபன் பண்ண முடியாது. அம்மா பாஸ்புக்கை வருஷத்துக்கு ஒரு தடவை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மே, ஜூன்ல 436, 20னு பிடிச்சிருந்தா அது பிரதமர் பேர்ல இருக்கற ஆயுள், விபத்து இன்சூரன்ஸ், நல்லதுதான், ஆனா எழுதிக் குடுத்தோமானு அம்மாவுக்கு தெரிஞ்சிருக்கணும். ஏடிஎம்ல ஃப்ரீ தடவை முடிஞ்சா ஒவ்வொரு தடவையும் 23 ரூபா வரைக்கும் பிடிக்கலாம், அதனால ஐநூறு ஐநூறா எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.

சிங்கப்பூர்ல சம்பள அக்கவுண்ட்

இது சீக்கிரம் முடிஞ்சிரும். முக்கால்வாசி கம்பெனி பிஓஎஸ்பிலதான் ஓபன் பண்ணிக் குடுக்கும். 1877ல போஸ்ட் ஆபீஸ் பேங்கா ஆரம்பிச்சது, 1998ல டிபிஎஸ் வாங்கிடுச்சு. சாதா பிஓஎஸ்பி சேவிங்ஸ்ல சராசரி 500 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, கீழ போனா மாசம் 2 வெள்ளி பிடிப்பாங்க, அதனால ஓபன் பண்ணும்போதே சம்பள அக்கவுண்ட்தானானு கேட்டு உறுதிப்படுத்திக்குங்க. வருஷத்துக்கு 24 வெள்ளி சின்னக் காசு இல்ல, ஒரு நாள் ஓவர்டைம் காசு போயிரும்.

பாதுகாப்பு இங்க எஸ்டிஐசிங்கிற டெபாசிட் இன்சூரன்ஸ் பாத்துக்குது, ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 1,00,000 வெள்ளி வரைக்கும், 2024 ஏப்ரல்ல இருந்து. நம்ம சேமிப்புக்கு அது தாராளம். ஆனா வட்டி அடிப்படை அக்கவுண்ட்ல 0.05 சதவீதம், 1,000 வெள்ளி ஒரு வருஷம் கிடந்தா 50 காசு. ரெண்டு மாச செலவு, அவசரத்துக்கு ஒரு டிக்கெட் காசு வச்சுட்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்பிடுங்க. இன்னொரு காரணமும் இருக்கு, மனசுக்கு கஷ்டமா இருந்தாலும் சொல்லணும். இங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல நம்ம ஊர் மாதிரி நாமினி போடுற முறை இல்ல. நமக்கு ஏதாவது ஆயிட்டா வீட்டுக்காரங்க கோர்ட் பேப்பர் வாங்கிட்டு வந்து நிக்கணும். என்ஆர்இல நாமினி போடலாம், 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் போடலாம். ஓபன் பண்ற அன்னைக்கே போட்டுருங்க.

ஏடிஎம் கார்டை சம்பளத்தன்னைக்கு சூப்பர்வைசர் கிட்டயோ ஏஜென்ட் கிட்டயோ குடுக்காதீங்க. யார் கேட்டாலும்.

பணம் அனுப்புறது, இங்கதான் காசு போகுது

ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா போனா சிராங்கூன் ரோடு ஓரம் முழுக்க கடை, எல்லாக் கடையிலயும் "கட்டணம் இல்லை"னு போர்டு. போர்டைப் பாக்காதீங்க, ஊர்ல எத்தனை ரூபா விழும்னு மட்டும் கேளுங்க. கணக்குக்காக 1 வெள்ளி 70 ரூபானு வச்சுக்குவோம், அதாவது கூகுள்ல தேடுனா காட்டுற நடு ரேட். ஒரு கடை 5 வெள்ளி கட்டணம் வாங்கிட்டு 69.80 தருது. இன்னொரு கடை கட்டணமே இல்ல, ஆனா ரேட் 69. 1,000 வெள்ளி குடுத்தா முதல் கடையில 995ஐ பெருக்கி 69,451 ரூபா விழும், ரெண்டாவதுல 69,000. கட்டணம் இல்லாத கடைதான் 451 ரூபா அதிகமா எடுக்குது, நடு ரேட்டோட பாத்தா 1,000 ரூபா, ஏறக்குறைய 14 வெள்ளி. மாசாமாசம் அனுப்புற ஆளுக்கு வருஷத்துல ரெண்டு கடைக்கும் நடுவுல 5,400 ரூபா வித்தியாசம், தீபாவளிக்கு வீட்டுக்கே துணி எடுத்துரலாம்.

அதனால செய்ய வேண்டியது இவ்ளோதான். ஃபோன்ல மூணு ஆப் வச்சுக்குங்க, உங்க பேங்க் ஆப் ஒண்ணு, வைஸ் மாதிரி நடு ரேட் குடுத்து கட்டணத்தைத் தனியா காட்டுறது ஒண்ணு, நீங்க வழக்கமா போற கடையோட ஆப் ஒண்ணு. அனுப்புற அன்னைக்கு மூணுலயும் ஒரே தொகையை அடிச்சு, கடைசியில விழுற ரூபாயைப் பாருங்க. இன்னைக்கு ஜெயிச்சது அடுத்த மாசம் ஜெயிக்காது. சின்னத் தொகையா நாலு தடவை அனுப்புறதை விட ஒரே தடவையா அனுப்புனா நிலையான கட்டணம் ஒரு தடவைதான். ரேட் ஏறும்னு மாசக்கணக்குல காத்திருக்கறது மட்டும் வேண்டாம், ஊர்ல கடனுக்கு வட்டி ஓடிட்டு இருந்தா அந்த வட்டிதான் பெருசு.

பேநவ்ங்கிறது சிங்கப்பூரோட யூபிஐ மாதிரி. பேநவ், யூபிஐ இணைப்பு 2023 பிப்ரவரி 21ல இருந்து இருக்கு. டிபிஎஸ், பிஓஎஸ்பி ஆப்ல இருந்து ஊர்ல இருக்கறவங்க யூபிஐ ஐடிக்கே ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி வரைக்கும் அனுப்பலாம், உடனே விழுந்துரும். ஆஸ்பத்திரி, ஸ்கூல் ஃபீஸ் மாதிரி அவசரத்துக்கு இதை அடிக்க வேற ஒண்ணு இல்ல. இதுலயும் ரேட்டைப் பாத்துட்டுதான் அமுக்கணும்.

ஸ்விஃப்ட் வழியா, அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்ல, வெள்ளியாவே அனுப்புனா நடுவுல இருக்கற பேங்க் ஒண்ணு கொஞ்சம் பிடிச்சுக்கும், ஊர் பேங்க் அதோட ரேட்ல மாத்தும், மாத்துறதுக்கு ஜிஎஸ்டி குறைஞ்சது 45 ரூபா வரும். வீட்டு மனை வாங்கற மாதிரி பெரிய தொகைக்கு பேப்பர் பக்காவா இருக்கும்னு சிலர் இதை எடுக்கறாங்க, மாசச் செலவுக்கு இது வேண்டாம்.

கையில காசா வாங்கற முறையில ஒரு தடவைக்கு 50,000 ரூபா வரைக்கும்தான் ரொக்கமா தருவாங்க, அதுக்கு மேலனா அக்கவுண்ட்லதான் போடுவாங்க. வீட்டுல யாருக்கும் அக்கவுண்ட் இல்லைனாதான் இது.

உண்டியல், அதாவது லைசென்ஸ் இல்லாத ஆளுங்க வழியா பணம் அனுப்புறது பத்தி பேசாம விட முடியாது. ரேட் நல்லா தருவாங்க, வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க, எங்க செட்டுல இருந்து அனுப்பாத ஆளே இல்லைனு ஒரு காலம். ஆனா அது ரெண்டு நாட்டுலயும் சட்டப்படி குத்தம், பணம் போனா போலீஸ்ல கூட சொல்ல முடியாது, நாளைக்கு வீடு வாங்கும்போது காசு எங்க இருந்து வந்துச்சுனு கேட்டா காட்ட ஒரு சீட்டும் இருக்காது. கடைக்கு லைசென்ஸ் இருக்கானு சிங்கப்பூர் நாணய ஆணையம், அதாவது மாஸ், அவங்க வெப்சைட்ல பேர் போட்டுத் தேடலாம். பேர் இல்லைனா ரேட் எவ்ளோ இருந்தாலும் திரும்பிருங்க. ரசீதை ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்து வைங்க.

யார் பேர்ல அனுப்புறீங்க

எங்க ரூம்ல இருந்த ஒரு அண்ணன் எட்டு வருஷமா கூடப்பொறந்தவர் அக்கவுண்ட்டுக்கே எல்லாத்தையும் அனுப்புனாரு. திரும்பிப் போனப்போ அந்தப் பணத்துல கட்டுன வீடு அவர் பேர்ல இல்ல. சண்டை போட்டாரு, பஞ்சாயத்து வச்சாரு, ஒண்ணும் நடக்கல, மறுபடியும் பெர்மிட் போட்டு வந்தாரு, அப்போ அவருக்கு வயசு 46. அடுத்தவங்க அக்கவுண்ட்ல விழுந்த பணம் சட்டப்படி அவங்க பணம்தான். அண்ணன் தம்பி நல்லவங்களாவே இருக்கலாம், ஆனா அவங்களுக்கும் கடன் வரும், கல்யாணம் ஆகும், சாவும் வரும்.

அதனால செலவுக்கு எவ்ளோ வேணுமோ அதை மட்டும் அம்மா அக்கவுண்ட்டுக்கோ மனைவி அக்கவுண்ட்டுக்கோ அனுப்புங்க, மிச்சம் உங்க பேர்ல உங்க என்ஆர்இக்கு. வீட்டுல யாராவது அதுல இருந்து எடுக்கணும்னா அதுக்கும் வழி இருக்கு. பேங்க்ல மேண்டேட் லெட்டர் குடுத்தா அவங்க உள்ளூர் செலவுக்கு எடுக்கலாம், பணம் உங்களோடதாவே இருக்கும். நெருங்கின சொந்தத்தை ஜாயின்ட்டா சேத்து, உங்களுக்கு அப்புறம்தான் அவங்களுக்குனு எழுதுறதும் முடியும்.

திருட்டுல மாட்டாம

யாராவது உங்க பேங்க் அக்கவுண்ட்டை 300 வெள்ளிக்கு வாடகைக்குக் கேட்டா, அது மோசடிப் பணம் போடறதுக்குத்தான். சிங்பாஸ், அதாவது சிங்கப்பூர் அரசாங்க ஆன்லைன் ஐடியோட பாஸ்வேர்டையும் அக்கவுண்ட்டையும் குடுக்கறது சிங்கப்பூர்ல ஜெயிலுக்குப் போற குத்தம், தெரியாதுனு சொன்னா விடமாட்டாங்க, பெர்மிட்டும் போயிரும். சந்தேகம் வந்தா சிங்கப்பூர் மோசடி உதவி நம்பர் 1799க்கு அடிங்க. ஊர் அக்கவுண்ட்ல பணம் போனா 1930, அதோட பேங்குக்கும் உடனே சொல்லுங்க, உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம போன பணமா இருந்தா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா பொறுப்பு உங்க தலையில விழாது. இந்திய பேங்க் வெப்சைட் எல்லாம் இப்ப டாட் பேங்க் டாட் இன்னு முடியணும், லிங்க்ல அது இல்லைனா தொடாதீங்க. பேங்க் புகாரைக் கண்டுக்கலைனா 30 நாள் கழிச்சு ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மன் கிட்ட ஆன்லைன்ல குடுக்கலாம், காசு எதுவும் கேக்க மாட்டாங்க.

ஊருக்கே திரும்பும்போது

பெர்மிட் கேன்சல் ஆகுறதுக்கு முன்னாடி வரி கிளியரன்ஸ் முடிஞ்சு கடைசி சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்துச்சானு பாருங்க, ஏன்னா வரி முடியுற வரைக்கும் கம்பெனி கடைசி சம்பளத்தைப் பிடிச்சு வைக்கும். அது விழுந்ததும் மொத்தத்தையும் என்ஆர்இக்கு அனுப்பிட்டு பிஓஎஸ்பி அக்கவுண்ட்டை நேர்ல போய் மூடுங்க. சிங்கப்பூர் சிம் போயிட்டா ஓடிபி வராது, ஊர்ல உக்காந்துட்டு அந்த நூறு இருநூறு வெள்ளியை எடுக்க படாத பாடு படணும். ஊருக்கு வந்ததும் பேங்க்ல சொல்லி என்ஆர்இ, என்ஆர்ஓ ரெண்டையும் சாதா அக்கவுண்ட்டா மாத்திடுங்க. திரும்ப வெளிநாடு போற யோசனை இருந்தா என்ஆர்இ பணத்தை ஆர்எஃப்சினு ஒரு அக்கவுண்ட்ல வெளிநாட்டு கரன்சியாவே வைக்கலாம், அதைப் பத்தி மேனேஜரே சொல்ல மாட்டாரு, நீங்கதான் பேர் சொல்லிக் கேக்கணும். காலேஜ்ல ஓபன் பண்ணி மறந்த அக்கவுண்ட் எதாவது கிடந்தா ரிசர்வ் பேங்க்கோட உத்கம் போர்ட்டல்ல பேரும் பான் நம்பரும் போட்டுத் தேடுங்க, பத்து வருஷம் தொடாம கிடந்த பணம் அதுல காட்டும், கேட்டா பேங்க் திருப்பிக் குடுக்கணும்.